பாடிய தபால்காரர்

சோளப்பொரியில் உப்புச் சற்றுத் தூக்கலாக இருந்ததால் ஒரு மனிதருடைய வாழ்க்கையே திசை மாறியது என்று நான் ஒரு கதை எழுதினால் எந்தப் பத்திரிகாசிரியரும் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார். "நம்பும்படியாக இல்லையே, ஸார்!" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் அமெரிக்கப் பாடகர் ஜான் ப்ரைன் தம் வாழ்க்கையைப் பற்றிக் கடைசிவரை சொல்லிவந்த கதை அதுதான்.

1970-ஆம் வருஷம், சிகாகோ நகரம். 'சன்-டைம்ஸ்' பத்திரிகையின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு படம் பார்க்கப் போயிருந்தார். கொட்டகையில் வாங்கிய பொரி ஒரே உப்பு. தாகம் தாங்காமல் எழுந்து, ஒரு பீர் குடிக்கலாமென்று 'ஃபிஃப்த் பெக்' என்ற சிறு விடுதிக்குள் நுழைந்தார். அங்கே ஓர் இளைஞர் கிதாரை அணைத்துக்கொண்டு, தாமே கட்டிய பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்தார். பகலில் அவருக்கு வேலை, புறநகர்த் தெருக்களில் வீடுவீடாகத் தபால் போடுவது. சினிமா விமர்சகர் அன்று சினிமாவை மறந்தார். தபால்காரரைப் பற்றி எழுதினார். அக்டோபர் 9-ஆம் தேதி அந்தக் கட்டுரை வெளியாயிற்று. மறுநாள் ப்ரைனுக்கு இருபத்துநாலு வயது பூர்த்தி.

அந்தக் கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் பாடகர் யாரைவிட உயர்ந்தவர், யாரைவிடத் தாழ்ந்தவர் என்ற கணக்கு அதிகம் இல்லை. மேடைக்கு வருவதற்கே கூசுகிறவர்போல் அவர் வந்து நிற்பது, சத்தமில்லாமல் தொடங்குவது, இரண்டொரு பாட்டு முடிவதற்குள் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வார்த்தைகளைக் கவனிக்கத் தொடங்கிவிடுவது - இவற்றைத்தான் ஈபர்ட் எழுதினார். பாட்டுக்களில் என்ன இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்தவனுக்கு அன்று இரவே அந்த விடுதிக்குப் போகவேண்டும்போல் இருந்திருக்கும்.

அப்படி என்ன இருந்தது அந்தப் பாட்டுக்களில்?

ப்ரைன் சிறுவனாக இருந்தபோது பத்திரிகை போடும் வேலையில் ஒரு நண்பனுக்கு உதவி செய்தார். அவர்கள் போகவேண்டிய இடங்களில் ஒன்று முதியோர் விடுதி. அங்கிருந்த கிழவர் கிழவிகளில் சிலர், பத்திரிகை கொண்டுவந்த பையன் தங்களைப் பார்க்கவந்த பேரன் என்பதுபோல் அக்கம்பக்கத்தாருக்குப் பாவனை செய்வார்களாம். இந்த ஒன்றை அவர் மறக்கவே இல்லை. பிற்பாடு தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த காலத்தில், 'ஹலோ இன் தேர்' என்ற பாட்டு உருவாயிற்று. வயதான ஒரு தம்பதி. பிள்ளைகள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள், ஒருவன் கொரிய யுத்தத்தில் மாண்டுபோனான். இருவருக்கும் பேசிக்கொள்ள இப்போது விஷயம் இல்லை. கதை இவ்வளவே. இதை எழுதியவருக்கு வயது இருபத்துச் சொச்சம். எனக்கு இப்போது நாற்பத்தாறு. இந்தப் பொருளை நானும் இரண்டு கதைகளில் தொட்டிருக்கிறேன். இரண்டிலும் கிழவரை அழவைத்தேன். ப்ரைனுடைய கிழவர் அழுவதில்லை.

இன்னொரு பாட்டு 'சாம் ஸ்டோன்'. யுத்தத்திலிருந்து பதக்கத்தோடும், கூடவே போதைப் பழக்கத்தோடும் வீடு திரும்பிய சிப்பாயைப் பற்றியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ப்ரைனும் பட்டாளத்துக்கு எடுக்கப்பட்டவர்தாம்; ஆனால் அவரை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பி, மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்க வைத்தார்கள். அவருடைய வயதுக்காரர்கள் வேறு திசைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதை அவர் பார்த்தார். பாட்டிலே அரசாங்கத்தைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வீட்டுக் குழந்தைகளின் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் உண்டு.

மூன்றாவது, தகப்பனாருக்காக எழுதியது. ப்ரைனின் பெற்றோர் கென்டக்கி மாநிலத்தின் மூலன்பர்க் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காகச் சிகாகோப் பக்கம் வந்தவர்கள். அவர்களுடைய சீமையில் 'பாரடைஸ்', அதாவது சொர்க்கம் என்று ஓர் ஊர் இருந்தது. நிலக்கரிக்காக மண்ணின் மேல்தோலை உரித்தெடுத்த கம்பெனிகளும், பக்கத்திலேயே எழுந்த அனல் மின்சார நிலையமுமாகச் சேர்ந்து அறுபதுகளில் அந்த ஊரை இல்லாமல் செய்துவிட்டன. அதைத்தான் பாடினார். பாட்டு ஒலிப்பதிவானதும், இரவல் வாங்கிய ஒரு ஒலிநாடா யந்திரத்தோடு வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். பாட்டு தொடங்கியதும் அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து வருகிற பாட்டு என்று நினைத்துக்கொண்டு கேட்க ஆசை என்றாராம். எந்தப் பரிசையும் இதற்கு ஈடாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் என்ற பிரபல பாடகர் அவரைக் கேட்டு வியந்து கைதூக்கிவிட, 1971-ல் அட்லாண்டிக் கம்பெனி முதல் இசைத்தட்டை வெளியிட்டது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். எப்படிக் கொண்டாடினார்கள் தெரியுமா? 'புதிய டிலன்' என்று! அந்த நாளில் கிதாரும் கையுமாக யார் வந்தாலும் இந்தப் பட்டத்தைச் சூட்டிவிடுவார்கள். பாப் டிலன் ஒருவர் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று ஜனங்கள் நினைத்தார்களோ என்னவோ, தட்டு அதிகம் விற்கவில்லை. விற்பனைப் பட்டியலில் 154-வது இடத்துக்கு மேல் ஏறவில்லை.

என் முதல் நாவலுக்கு ஒரு பத்திரிகையில் முக்கால் பக்கம் விமர்சனம் வந்தது. முழுக்கவும் எனக்கு முந்திய தலைமுறை ஆசிரியர் ஒருவரோடு என்னை ஒப்பிட்டிருந்தார்கள். புகழ்ச்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாவல் எந்த ஊரில் நடக்கிறது, அதில் யார் எதற்காகக் கஷ்டப்படுகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. அதைப் படித்துவிட்டு யாரும் புத்தகக் கடைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

ப்ரைன் பத்து வருஷம் இரண்டு பெரிய கம்பெனிகளில் இருந்து பார்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், மானேஜர் அல் புனெட்டாவோடு சேர்ந்து 'ஓ பாய்' என்று சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். முதலுக்கு எங்கே போவது? ரசிகர்கள் இன்னும் தயாராகாத இசைத்தட்டுக்கு முன்பணம் அனுப்பினார்கள். தபாலில்! ஒரு காலத்தில் ஊரார் கடிதங்களைச் சுமந்தவருக்கு இப்போது ஊரார் கடிதத்துக்குள் பணம் வைத்து அனுப்பினார்கள். 1991-ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட 'தி மிஸ்ஸிங் இயர்ஸ்' கிராமி பரிசு பெற்றது.

1998-ல் கழுத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல் இறங்கி, கரகரத்துப்போயிற்று. பழைய குரலைவிட இதுவே தமக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் சொல்லிவந்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: ஈபர்ட்டையும் அதே நோய் பிடித்தது. 2006-ல் அவர் பேச்சை அடியோடு இழந்தார். எழுத்து மட்டும் மிஞ்சியது. 2013-ல் காலமாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ப்ரைனைப் பற்றி மறுபடியும் எழுதினார்.

பெரிய மனிதர்களின் பாராட்டும் தாமதமாக வந்து சேர்ந்தது. 2005-ல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் டெட் கூஸர், காங்கிரஸ் நூலகத்துக்கு அவரை அழைத்துக் கௌரவித்தார். 2009-ல் டிலனே ஒரு பேட்டியில் ப்ரைனைப் புகழ்ந்து, பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்ட் பெயரைத் துணைக்கு இழுத்தார். ஒப்பீட்டு வியாதி டிலனையும் விடவில்லை!

2018-ல் வந்த கடைசித் தட்டு விற்பனையில் ஐந்தாவது இடத்துக்குப் போயிற்று. அத்தனை வருஷத்தில் அவர் தொட்ட உச்சி அதுதான். 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி, கொரோனா நோயால், எழுபத்துமூன்றாம் வயதில் நாஷ்வில் நகரில் காலமானார். சில மாதம் கழித்து 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எக்காலத்துக்கும் சிறந்தவை என்று 500 இசைத்தட்டுக்களைப் பொறுக்கியது. 1971-ல் விலைபோகாத அந்த முதல் தட்டு அதில் 149-வது.

'ஹலோ இன் தேர்' பாட்டை எழுபது வயதுக்கு மேல் அவர் பாடியதும் பதிவாகி இருக்கிறது. இளமைக் குரலில் கேட்டதைவிட எனக்கு இதுவே உசத்தி. வேகம் குறைந்திருக்கிறது, சில வார்த்தைகள் பாதியில் உடைகின்றன. நேற்று இரவு அதைப் போட்டிருந்தேன். கூடத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சற்றுக் கேட்டுவிட்டு, "யாருடா அது, வயசானவரா?" என்றாள்.

"ஆமாம் அம்மா."

"கொஞ்சம் பெரிசாக வை" என்றாள்.