பனிக்குள் ஓர் ஊர்க்கூட்டம்

மூக்கு நுனியில் யாரோ ஊசி வைத்து அழுத்துவது போன்ற குளிர். மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. எங்கள் உடன்குடிப் பக்கம் இந்த மாதத்தில் காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறும். இங்கே நியூ ஹாம்ப்ஷயரில் கூரை விளிம்பெல்லாம் பனிக்கட்டி கூர்கூராகத் தொங்குகிறது. அம்மாடி, வசந்தம் பிறக்கப்போகிற மாதமாம் இது!

ஊர்க்கூட்டம் ஒன்றைப் பார்க்கப் போக அக்கா மகன் காரைச் சூடாக்கி வைத்திருந்தான். “மாமா, பெரியவங்க பெல்ட் போட்டே ஆகணும்னு இங்க சட்டம் கிடையாது. அம்பது மாநிலத்துல இது ஒண்ணுலதான் இப்படி. ஆனா நீங்க போட்டுக்கோங்க” என்றான். டெல்லியில் சட்டம் போட்டால் திருச்செந்தூர் முக்கில் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். நமக்குப் பழகிய உலகம் அது. ஒரே நாட்டுக்குள் ஒரு மாநிலம் மட்டும் ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று விலகி நிற்க முடிகிறதே!

நம்பர் பிளேட்டில் எண்ணோடு ஒரு வாசகமும் இருந்தது. ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ.’ விடுதலைப் போர்த் தளபதி ஜான் ஸ்டார்க் 1809-இல் எழுதி அனுப்பிய வாழ்த்து. இன்று மாநிலத்தின் முழக்கம். இதன் பின்கதை இன்னும் வியப்பு. ஜார்ஜ் மேனார்ட் என்ற யெகோவா சாட்சி, ‘செத்துப்போ’ என்பது தன் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று அந்தச் சொல்லை மறைத்து வண்டி ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்ததால் 15 நாள் சிறை. வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் கருத்தைச் சுமந்து திரியும்படி எந்த அரசும் குடிமகனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. கேட்டதும் எனக்குக் கேரளத்தின் மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள். அவர்களும் யெகோவா சாட்சிகள்தான். 1986-இல் நம் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

தலைநகர் கான்கார்டைக் கடக்கும்போது சட்டமன்றத்தின் தங்கக் கூரை பனி வெளிச்சத்தில் மின்னியது. சுமார் 14 லட்சம் மக்களுக்குக் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் 100 டாலர்! ஏழு கோடிப் பேருக்கு 234 பேர் என்ற கணக்கிலேயே வளர்ந்த எனக்குத் தலை சுற்றியது.

நாங்கள் போன சிற்றூரில் வெள்ளை மரக் கட்டடம் ஒன்றில் கூட்டம். ஈரக் கம்பளியும் காப்பியும் கலந்த வாசனை. பூட்ஸிலிருந்து உருகிய பனி பலகைத் தரையில் குட்டை கட்டியிருந்தது. ஊர் வாக்காளர்களுக்கு மட்டும் வண்ண அட்டை. எங்களுக்குப் பின்வரிசையில் தனி நாற்காலி. கூட்ட நிரலுக்கு இங்கே பெயர் ‘வாரன்ட்’. நம் ஊரில் அந்தச் சொல் காதில் விழுந்தாலே நெஞ்சு படபடக்கும். இங்கேயோ அது ஊர்மக்களை அழைக்கும் ஓலை. சாலைக்குச் சரளை போடுவது முதல் ஒவ்வொரு செலவையும் மக்களே எழுந்து கேள்வி கேட்டு, அட்டையைத் தூக்கி முடிவு செய்கிறார்கள்.

பாலத்தின் முறை வந்தது. பழைய பாலத்தைப் புதுப்பிக்க ஃபெடரல் அரசின் நிதியை வாங்கலாமா? கட்டம் போட்ட கம்பளிச் சட்டைக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “மாடரேட்டர் ஐயா, வாஷிங்டன் பணம் வானத்திலிருந்து விழவில்லை. நம் சட்டைப்பையிலிருந்து பணமாகப் போனது, உத்தரவாகத் திரும்பி வருகிறது.” ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உடனே எழுந்தார். “ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது, மாடரேட்டர் ஐயா. மாரடைப்புக்கு அரசமைப்புச் சட்டம் தெரியாது.” இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவே இல்லை. எதுவானாலும் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரிடம்தான் சொல்ல வேண்டும். கோபம் அந்த ஒரு சுற்றிலேயே பாதி ஆறிவிடுகிறது!

நண்பகலில் பீன்ஸ் சூப்பும் ஆப்பிள் பையும். பார்த்தால் அந்த இருவரும் ஒரே மேசையில்! என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்தார். அமெரிக்க அரசமைப்பு முழுவதும் உள்ளங்கை அளவில். ஓரமெல்லாம் பழுப்பேறிப் பிசுபிசுத்தது. 1791-இல் சேர்ந்த பத்தாவது திருத்தத்தில் நகத்தை வைத்தார். ஃபெடரல் அரசுக்கென்று எழுதிக் கொடுக்காத, மாநிலத்துக்கும் மறுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கு, அல்லது மக்களுக்கு. “மக்கள். கடைசிச் சொல் அதுதான்” என்றார். எங்கள் நாட்டில் எஞ்சிய அதிகாரம் டெல்லிக்குப் போகிறது என்றேன். மாநில சுயாட்சி கேட்டுத் தமிழ்நாடு 1969-இல் ராஜமன்னார் குழுவையே அமைத்தது என்றும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

ஆசிரியை மெல்லச் சொன்னார்: “மாநில உரிமை என்ற பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே கீன் நகரத்துப் பிள்ளை ஜொனாதன் டேனியல்ஸ், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அலபாமா போனான். 1965-இல் ஒரு கறுப்பினச் சிறுமியின் மேல் பாய வந்த குண்டைத் தன் மார்பில் வாங்கிச் செத்தான். அங்கே மாநிலம் உரிமையைப் பறித்தது. வாஷிங்டனின் சட்டம்தான் மீட்டுக் கொடுத்தது.” பெரியவர் தலை குனிந்து, “அது உண்மை” என்றார். ஆசிரியை அந்தப் புத்தகத்தைத் தொட்டு, “ஆனால் வாரன்ட் இல்லாமல் போலீஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினால் நானும் இதைத்தான் தேடுவேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் புத்தகம் அரசாங்கத்தைச் சுற்றிப் போட்ட வேலி. வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் இவர்களுக்குச் சண்டை. வேலி வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமே இல்லை.

பிற்பகலில் பெரியவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பணம் வாங்கக் கையெழுத்திடும் முன் நிபந்தனைகள் அத்தனையையும் ஊர்முன் வாசிக்க வேண்டும். முதலில் உயர்ந்த அட்டை ஆசிரியையுடையது! திருத்தம் நிறைவேறியது. பிறகு பாலத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு. பாலம் வென்றது, பெரியவர் தோற்றார். ஆனால் அவர் கேட்ட வேலியும் சேர்ந்தே நிறைவேறியிருந்தது.

அந்தி சாயும்போது அவரே எங்களைத் தன் மேப்பிள் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் வெள்ளை ஆவி முகத்தில் மோதியது. ஐயோ, அந்த வாசனை! விறகடுப்பில் பதநீர் காயும் எங்கள் ஊர் விடிலி வாசனை, பனிக்காட்டுக்குள்! மரத்தில் துளையிட்டு வடித்த நீர் நாற்பது லிட்டர் காய்ந்தால் ஒரு லிட்டர் பாகு. சூடாக ஒரு கரண்டி கொடுத்தார். நாக்கில் கருப்பட்டியின் தம்பி!

பனையைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்பிட்டுப் பதநீர் இறக்குவதையும், அதே மரத்தில் கள் இறக்கத் தடை இருப்பதையும் சொன்னேன். அகப்பையோடு அப்படியே நின்றார். “தடை சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி உங்கள் ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து பேசினார்களா?”

எங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். நான் போவேன், பதிவேட்டில் கையெழுத்திடுவேன், வெயிலுக்கு முன் வீடு திரும்புவேன். அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மே 1 அன்று கிராம சபை. இந்த முறை கையெழுத்துப் போட்டதும் கிளம்பப் போவதில்லை.