ஐந்தாம் நாள் டிக்கெட்

டெஸ்ட் மேட்ச் ஆரம்பிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டி.வி.யில் ஒரு காட்சி வரும், கவனித்திருக்கிறீர்களா? கோட்டு போட்ட ஒரு முன்னாள் ஆட்டக்காரர் மைதானத்தின் நட்ட நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து தரையைத் தட்டுவார், தடவுவார். விரிசல் இருந்தால் அதற்குள் சாவியை விட்டு ஆழம் பார்ப்பார். டோனி கிரெக் இதில் மன்னன். மனை வாங்கப் போகிறவர்கூட மண்ணை இவ்வளவு சோதிக்க மாட்டார்.

நம்மில் பலர் அந்த நேரம் பார்த்துத்தான் காபி போட எழுந்து போவோம். டாஸ் போட்ட பிறகு வந்தால் போதும் என்று நினைப்பு. தப்பு. ஐந்து நாள் கதையின் பாதி அந்த விரிசலுக்குள்தான் இருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமா. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸோடு நடந்த டெஸ்ட்டை நேரில் பார்த்தவர். அந்தக் கதை இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி கழிந்ததில்லை. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இந்தியாவை 190-ல் மூட்டை கட்டிவிட்டார். எதிர்முனையில் ஆள் மாறிக்கொண்டே இருக்க, விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட். சதம் போகட்டும், அந்த மேட்ச்சை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. மாமா சொல்வார்: "நூறு அடிச்சவன் ஊருக்கு நாலு பேர் இருக்கான்டா. அந்த பிட்ச்சுல தொண்ணூத்தேழு அடிச்சவன் ஒருத்தன்தான். ஸ்கோரைப் பாக்காதே, பிட்ச்சைப் பாரு."

அப்போது எனக்கு இது புரியவில்லை. பி.காம். சேர்ந்து அக்கவுன்டன்சி வகுப்பில் தேய்மானம் நடத்தியபோதுதான் பளிச்சென்று விளங்கியது.

ஒரு மெஷின் வாங்குகிறீர்கள். அதன் ஆயுள் ஐந்து வருஷம். வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வரும். அதைக் கணக்கில் எழுத வேண்டும். டெஸ்ட் மேட்ச் பிட்ச்சும் இப்படி ஒரு சொத்துதான். 22 கஜ நீளம், 10 அடி அகலம், ஆயுள் ஐந்து நாள். களிமண்ணைத் தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கி வைத்திருப்பார்கள். முதல் நாள் காலை மண்ணுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கும், மேலே கொஞ்சம் புல் இருக்கும். வேகப்பந்து வீசுகிறவர்தான் அப்போது முதலாளி. ஈரம் காய்ந்தால் முதலாளி மாறிவிடுவார். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் காலை வரை பேட்ஸ்மேன் ராஜ்ஜியம். அப்புறம் வெயிலில் களிமண் சுருங்கும், விரிசல் விடும். பௌலர்களின் ஷூ ஆணிகள் மண்ணைக் கிளறி வைத்திருக்கும். நான்காம், ஐந்தாம் நாள் ஸ்பின்னர் வந்து அந்தக் கிளறிய இடத்தில் பந்தைப் போட்டால், ஒன்று எகிறும், ஒன்று உருளும், ஒன்று திரும்பும். எது என்ன செய்யும் என்று சில சமயம் போட்டவருக்கே தெரியாது.

நிதானமாக, நாளுக்குக் கொஞ்சமாகத் தேய வேண்டும். அக்கவுன்டன்சியில் ஸ்ட்ரெயிட் லைன் மெத்தட் என்பார்களே, அது. அப்படித் தேய்கிற பிட்ச் அமைந்தால்தான் இருபத்திரண்டு பேருக்கும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு செஷனில் வேலை இருக்கும்.

தேயவே தேயாத பிட்ச் எப்படி இருக்கும் தெரியுமா? 1997 ஆகஸ்ட், கொழும்பு பிரேமதாசா ஸ்டேடியம். இந்தியா 537 அடித்து டிக்ளேர் செய்தது. அறிமுக ஆட்டத்தில் இறங்கிய நிலேஷ் குல்கர்னி, டெஸ்ட்டில் தான் போட்ட முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார். நான் டி.வி. முன்னால் துள்ளிக் குதித்தேன். அதற்கப்புறம் ஜெயசூர்யாவும் மகாநாமாவும் சேர்ந்து 576 ரன். ஜெயசூர்யா 340, மகாநாமா 225. இலங்கை 6 விக்கெட்டுக்கு 952! பாவம் குல்கர்னி, அந்த இன்னிங்ஸில் அவருக்கு இரண்டாவது விக்கெட் கிடைக்கவே இல்லை. மேட்ச் டிரா. சாதனைப் பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு இன்றும் இடம் உண்டு. ஆனால், அதை மறுபடி உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் நான் அட்லஸ் எடுத்து ஊர்ப் பெயர் மனப்பாடம் செய்வேன்.

எதிர்க்கட்சியும் உண்டு. முதல் நாளே மொத்தத்தையும் தேய்மானமாக எழுதிவிடுகிற பிட்ச். 2004 நவம்பர், மும்பை வாங்கடே. முதல் நாள் பெரும்பகுதி மழையில் போயும், மூன்றாம் நாளே மேட்ச் காலி. இந்தியா 104, ஆஸ்திரேலியா 203, இந்தியா 205. ஜெயிக்க வெறும் 107 வேண்டும் என்று இறங்கிய ஆஸ்திரேலியா 93 ஆல் அவுட். நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், கடைசி ஒரு மணி நேரம் நான் உட்காரவே இல்லை, ஆபீஸ் டி.வி. முன்னால் நின்றபடிதான் பார்த்தேன். அவ்வளவு பரபரப்பு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த மேட்ச்சில் மைக்கேல் கிளார்க் 9 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். கிளார்க் பேட்ஸ்மேன். எப்போதாவது பந்து போடுகிறவர். அப்படியானால் ஆறு விக்கெட் எடுத்தது அவரா, பிட்ச்சா? சரவெடி மாதிரிதான் இதெல்லாம். வெடிக்கும்போது ஊரே திரும்பிப் பார்க்கும். மறுநாள் வாசலில் காகிதக் குப்பை.

நடுவில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. நம் ஊரில் பந்து திரும்பினால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'இது பிட்ச்சா, புழுதிக்காடா' என்று ஒப்பாரி வைக்கும். அவர்கள் ஊரில் புல்லை வளரவிட்டுப் பந்து மூக்குக்கு நேராக எகிறினால், அது பேட்ஸ்மேனின் திறமைக்குப் பரீட்சையாம். 2024 ஜனவரியில் கேப்டவுனில் தென்னாப்பிரிக்காவை 55 ரன்னுக்குச் சுருட்டினார் சிராஜ். இந்தியா 153-க்கு 4 என்று இருந்து, அதே 153-ல் ஆல் அவுட். ஆறு விக்கெட், பூஜ்யம் ரன்! 642 பந்தில் மேட்ச் முடிந்தது. முடிவு கண்ட டெஸ்ட்களில் இதுவரை இதைவிடக் குட்டையானது கிடையாது. இந்தியாவுக்கு வந்தால் யாரும் பிட்ச் பற்றி வாய் திறக்கக் கூடாது, அதுவரை எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்கிற ரீதியில் ரோஹித் சர்மா பேசினார். நியாயம்தானே? ஆனால் அவர்கள் செய்கிற தப்பு, நாம் செய்வதைச் சரியாக்கிவிடாது.

சரி, நல்ல பிட்ச் எப்படி இருக்கும்? அதற்கு நான் உங்களை 1999-க்கு அழைத்துப் போக வேண்டும்.

ஜனவரி மாதம் பாகிஸ்தான் வந்தது. முதல் டெஸ்ட் டெல்லியில் நடப்பதாக இருந்தது. பாகிஸ்தான் ஆடக் கூடாது என்று சிவசேனாக்காரர்கள் அங்கே புகுந்து பிட்ச்சைத் தோண்டிப் போட்டார்கள். ஒரு மேட்ச்சை நிறுத்த வேண்டுமென்றால் எங்கே கைவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. மாமா எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.

அந்த மேட்ச்சின் நான்கு இன்னிங்ஸ் ஸ்கோரை வரிசையாகச் சொல்கிறேன்: 238, 254, 286, 258. பெரியதற்கும் சின்னதற்கும் வித்தியாசம் 48 ரன்தான். பிட்ச் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. கும்ப்ளேயின் ஸ்பின்னுக்கு 6 விக்கெட் கொடுத்தது. அஃப்ரிடிக்கு 141 கொடுத்தது. வேகப்பந்துக்காரரான வெங்கடேஷ் பிரசாத் ஒரே ஸ்பெல்லில் ரன்னே கொடுக்காமல் 5 விக்கெட் எடுக்கவும் வழிவிட்டது. முதல் இன்னிங்ஸில் சச்சின் பூஜ்யம். இரண்டாவதில்..?

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. 271 அடிக்க வேண்டும். காலையில் 2 விக்கெட்டுக்கு 40. சிமென்ட் படியில் உட்கார இடமில்லை. மாமா ஒரு பழைய பைனாகுலர் வைத்திருந்தார். கூட்டமே சச்சினைப் பார்க்க, அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசிம் லெஃப்ட் ஹேண்டுடா. பந்து போட்டுட்டு அவன் ஓடி நிக்கிற இடம், அந்தப் பக்கம் ஆடுற நம்ம ஆளுங்க ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. வாசிம் உழறான், சக்லைன் விதைக்கிறான் பாரு" என்றார். பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி ஒரு திட்டு. சக்லைன் முஷ்டாக்கின் பந்து அங்கே விழும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

82-க்கு 5. அங்கிருந்து சச்சினும் மோங்கியாவும் 218 வரை கொண்டுபோனார்கள். சச்சினுக்கு முதுகு வலி. ரன் ஓடிவிட்டுக் குனிந்து நிற்கிறார். மோங்கியா 52-ல் போன பிறகு, நின்று ஆட முடியாது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அடிக்க ஆரம்பித்தார். 254. இன்னும் 17 ரன்தான். கையில் நான்கு விக்கெட். பக்கத்து வரிசையில் ஒருவர் டிரான்சிஸ்டரையே அணைத்துவிட்டார், சகுனமாம். சக்லைன் போட்ட பந்தைத் தூக்கி அடித்தார் சச்சின். சரியாக மாட்டவில்லை. மேலே போனது. கீழே வாசிம் அக்ரம்.

136. அந்த நிசப்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அடுத்த நாலு ரன்னில் மிச்சம் மூன்று பேரும் போய்விட, 12 ரன்னில் தோல்வி.

அழுகிறவன் அழுதுகொண்டிருக்க, பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. முதலில் அங்கொருவர் இங்கொருவர் எழுந்தார்கள். பிறகு மொத்த ஸ்டேடியமும் நின்று கை தட்டியது. மாமாவும்தான். நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். "எழுந்திருடா, ஏமாத்தியா ஜெயிச்சான்?" என்று தோளில் தட்டினார். எழுந்தேன். சேப்பாக்கத்து ரசிகர்களை உலகமே பாராட்டியது, இன்றும் பாராட்டுகிறது. அந்தப் பாராட்டில் பிட்ச்சுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி. குழி வெட்டி வைத்து அதில் நாமே விழுந்திருந்தால், யாருக்கு வந்திருக்கும் கை தட்ட மனசு?

2019-ல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் வந்தது. 2021 முதல் அதில் ஜெயித்தால் 12 பாயின்ட், டிரா என்றால் 4. நான் பி.காம்., எனக்கே கணக்குப் புரிகிறதென்றால் கிரிக்கெட் போர்டுகளுக்குப் புரியாதா? டிரா நஷ்டம். உள்ளூரில் எப்படியாவது முடிவு தெரிய வேண்டும். எனவே பிட்ச்சை முதல் நாளே திரும்ப வை. 2024-ல் நியூசிலாந்து வந்தபோது, பெங்களூரு ஈரத்தில் 46 ரன்னுக்குச் சுருண்டு தோற்ற பிறகு, புனேயிலும் மும்பையிலும் பந்து திரும்பும்படி தயாரித்தோம். புனேயில் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட். 147 அடிக்க முடியாமல் 121-ல் சுருண்டோம். சொந்த ஊரில் மூன்றுக்கு மூன்று தோல்வி. பிட்ச் அந்த அளவுக்குத் திரும்பினால் பெரிய ஸ்பின்னர், சுமாரான ஸ்பின்னர் என்ற வித்தியாசம் போய்விடுகிறது. வேண்டுமென்றே கேள்வித்தாளைக் குழப்பினால், முதல் ரேங்க் மாணவனும் கடைசி பெஞ்ச்சும் ஒரே மார்க்தான் வாங்குவார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், பங்களாதேஷ் டெஸ்ட்டுக்கு என் மகளைச் சேப்பாக்கம் அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்பு. டி20 தவிர வேறு பார்த்தறியாதவள். மாமா இப்போது இல்லை, பைனாகுலர் இருக்கிறது. செம்மண் பிட்ச். முதல் நாள் காலை ஹசன் மஹ்மூத் ரோஹித், கில், கோலி மூவரையும் தூக்கிவிட்டார். "என்னப்பா, இவங்களுக்கு ஆடத் தெரியாதா?" என்றாள். பொறும்மா என்றேன். 144-க்கு 6 என்ற நிலையில் அஷ்வினும் ஜடேஜாவும் சேர்ந்தார்கள். வெயில் ஏற ஏற பந்து மட்டைக்கு வர ஆரம்பித்தது. சாயங்காலம் அஷ்வின் சதம் அடித்தபோது அவள் சீட் மேல் ஏறி நின்றாள். மூன்றாம் நாள் பந்த் 109, கில் 119 நாட் அவுட். காலையில் பூஜ்யம் எடுத்த அதே கில்லா என்று கேட்டாள். அவரேதான், பிட்ச் மட்டும்தான் வேறு என்றேன்.

ஐந்தாம் நாளுக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நான்காம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அஷ்வின் 6 விக்கெட் எடுத்துக் கதையை முடித்துவிட்டார். 280 ரன் வெற்றி. எல்லோரும் எழுந்து கைதட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் பைனாகுலரை இறக்கவே இல்லை. ஆட்டக்காரர்களைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"பிட்ச் நல்லாத்தான்பா இருக்கு. இன்னும் ஒரு நாள் தாங்கும். அவங்கதான் தாங்கல."

பிறகு, நாளைய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கொடுப்பார்களா என்று கேட்டாள். வாலாஜா சாலை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.