எஃகு தரும் எச்சரிக்கை

கண்ணாடிக் குவளை தரையில் விழுந்தால் நொடியில் சிதறுகிறது. எஃகுக் கம்பியோ அறுவதற்கு முன் நீள்கிறது; இடை மெலிகிறது. முறிவுக்கு முன் எஃகு தரும் அந்த அவகாசத்தை அளப்பதே என் தொழில்.

ஓசூரில் வாகன உறுப்புகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றுகிறேன். கர்நாடக எல்லையை ஒட்டிய இவ்வூரில் உருவாகும் சரக்குந்துகளும் இருசக்கர வாகனங்களும் நாடெங்கும் ஓடுகின்றன. அவற்றின் உறுப்பொன்றில் மயிரிழை விரிசல் தோன்றினால், "இது இன்னும் தாங்குமா?" என்னும் வினா எங்களிடம் வருகிறது.

சிறு விரிசலும் பொருளின் வலிமையைப் பெரிதும் குறைக்கும் என்பதைக் கண்ணாடியைக் கொண்டு 1920இல் விளக்கினார் கிரிஃபித். மீட்சியியல் கணக்கின்படி, கூரிய விரிசலின் நுனியில் தகைவு எல்லையற்றதாகிவிடும். எஃகில் அவ்வாறு நிகழ்வதில்லை. நுனியைச் சூழ்ந்த பகுதி மீளாதவாறு நீண்டு கொடுக்கிறது; கூர் மழுங்குகிறது; விரிசலின் வாய் மெல்லத் திறக்கிறது.

இதனை அளக்க, சோதனைத் துண்டின்மேல் வெண்சாயம் பூசிக் கருஞ்சாயத்தைத் தெளிக்கிறோம். துண்டு காடை முட்டையின் ஓடுபோல் ஆகிவிடும். பொறியில் பூட்டி இழுக்கும்போது, ஒளிப்படக் கருவி அடுத்தடுத்துப் படமெடுக்கிறது. புள்ளிகள் நகர்ந்த தொலைவைக் கணினி ஒப்பிட்டுத் திரிபின் வரைபடத்தைத் தருகிறது. ஆயினும் படம் காட்டுவது மேற்பரப்பை மட்டுமே. தடித்த துண்டின் உட்பகுதி, சுருங்க இடமின்றி இறுகி, வேறுவிதமாக நடந்துகொள்ளும். அதனை அறிய, உறுப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் மாதிரி அமைக்கிறோம். விரிசலின் நுனியருகே கட்டங்கள் மிக நுண்ணியவை. மேற்பரப்பில் மாதிரியும் படமும் ஒத்தால்தான், உட்பகுதியைப் பற்றி மாதிரி சொல்வதை ஏற்கிறோம்.

ஒருமுறை, சரக்குந்து உறுப்பொன்றில் மாதிரி சொன்னதைவிடத் திரிபுப் பகுதி அகன்றிருந்தது. அனுப்பவேண்டிய நாளோ நெருங்கியிருந்தது. மீண்டும் அளந்தோம், அதே விடை. உறுப்பை நிறுத்திவைத்தோம். அவ்வண்டி தொப்பூர்க் கணவாயில் சுமையுடன் இறங்கவேண்டியது, அதன் ஓட்டுநர் எங்கள் கணக்கைப் பார்க்கப்போவதில்லை, நம்பத்தான் போகிறார்.

எஃகு எப்போதும் எச்சரிக்கும் என்பதற்கில்லை. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. குளிரில் அவ்வெஃகு நீளும் இயல்பை இழந்திருந்தது. எங்கள் மாவட்டத்திலும் 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து, தென்பெண்ணைக் கரையோர ஊர்களைக் கலங்கச் செய்தது. இரும்பில் நேரும் முறிவு இரும்போடு நின்றுவிடுவதில்லை.

மாணவர்களே, இயற்பியல் வகுப்பில் தகைவு–திரிபு வளைகோட்டை வரையும்போது, மீட்சி எல்லைக்கு அப்பால் நீளும் பகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். எத்தனையோ உயிர்கள் அந்தச் சிறு இடைவெளியை நம்பிப் பயணம் செய்கின்றன.