ருத்ராவின் வீட்டுக் கதவு

ஞாயிறு வழிபாட்டில் அறிக்கையிடும் நம்பிக்கைக்குத் திங்கட்கிழமையின் வகுப்பறையிலும் குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலும் என்ன வேலை? துவாரகாவின் அடுக்ககங்களில் வாழும் கிறித்தவர்க்கு இக்கேள்வி எழுமாயின், விடை தில்லியிலேயே உண்டு. நீலத்தட மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் காஷ்மீரி கேட். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி 1941 வரை அங்கேதான் இயங்கியது.

1906இல் அதன் முதல்வர் பதவி காலியானபோது, அதை இந்தியரான சுசில் குமார் ருத்ராவுக்கே அளிக்க வேண்டுமென வாதிட்டவர் ஆங்கிலேயரான சி. எஃப். ஆண்ட்ரூஸ். அவ்வாறே ருத்ரா முதல்வரானார். 1915இல் தில்லிக்கு வந்த காந்தி தங்கியது அவர் இல்லத்தில். பின்னாளில் ஒத்துழையாமை இயக்கம் கருக்கொண்டதும் அவ்வில்லத்திலேயே. தம்மால் கல்லூரிக்கு இடையூறு நேருமென அஞ்சி வேறிடம் செல்லக் காந்தி முன்வந்தபோதும் ருத்ரா இசையவில்லை.

ஆண்ட்ரூஸ் தம் இனத்தார்க்கே உரியதெனக் கருதப்பட்ட இருக்கையை விட்டுக்கொடுக்கச் செய்தார். ருத்ரா தம் பதவிக்கு ஊறு நேரலாமென்று அறிந்தும் கதவைத் திறந்தே வைத்தார். சமூகத்தோடு உறவாடுவதற்கு விலையுண்டு. அதைச் செலுத்த முன்வருவோரின் சாட்சியையே சமூகம் செவிமடுக்கிறது.