இரண்டாம் உறக்கம்

இரவு முழுவதும் ஒருமுறைகூட விழிக்காமல் உறங்கும் குழந்தை கிடையாது. பெரியவர்களும் அப்படி உறங்குவதில்லை. உறக்கம் சுற்றுச் சுற்றாக நடப்பது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எல்லோரும் லேசாக விழித்து, புரண்டு படுத்து, காலையில் அதை மறந்தும்விடுகிறார்கள். பெரியவருக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம்தான். அதனால் இந்த இடைவெளிகள் குழந்தைக்கு அதிகம். ஒரு வீட்டில் குழந்தை விடியும்வரை தூங்குகிறது என்று சொன்னால், விழித்தபோது யாரையும் கூப்பிடாமல் தானே மறுபடி உறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். குழந்தை கற்க வேண்டியது இந்த இரண்டாம் உறக்கத்தைத்தான்.

அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970களில் தொடங்கி, குழந்தைகளின் இரவுகளை வீடியோவில் பதிவுசெய்து பார்த்தார். சத்தமே போடாத குழந்தைகளும் நள்ளிரவில் கண் திறந்து கிடந்து, பிறகு தாமாக அடங்கியதைப் பதிவுகள் காட்டின. வேறு சில குழந்தைகள் விழித்தவுடன் அழுது ஆளைக் கூப்பிட்டன. விழிப்பு இரு சாராருக்கும் பொது. விழித்த பின் நடந்ததே வேறு. மாலையில் உறங்கும் முன்பே படுக்கையில் விடப்பட்ட குழந்தைகள்தாம் நள்ளிரவிலும் பெரும்பாலும் தாமாக அடங்கின. நள்ளிரவுச் சிக்கலுக்கான தீர்வை முன்னிரவில் தேட வேண்டும் என்ற இன்றைய அறிவுரை இங்கிருந்துதான் கிளைக்கிறது.

முதல் மூன்று மாதங்களில் இந்த இரண்டாம் உறக்கத்தை எதிர்பார்ப்பது வீண். பிறந்த குழந்தை நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். ஆனால் துண்டு துண்டாக. வயிறு சிறியது, தாய்ப்பால் விரைவில் செரிப்பது, இரவு பகல் அறியும் உடற்கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்காதது எனக் காரணங்கள் பல. அந்தக் கடிகாரம் 2, 3 மாதங்களில் மெல்ல நிலைபெறும். பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சத்திலும் வீட்டுச் சத்தத்திலும் குழந்தையை வைத்திருப்பதும், இரவில் மங்கலான விளக்கில் கொஞ்சாமல் பேசாமல் பாலூட்டுவதும் அதற்கு உதவும். இன்னொன்றும் உண்டு. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் பாதியளவு, இமைக்குள் விழி உருளும் உறக்கம். அப்போது குழந்தை சிரிக்கும், சிணுங்கும், கை காலை உதறும். நரி விரட்டுகிறது என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். நரி என்று சொல்லிவிட்டு அவர்கள் குழந்தையைத் தூக்காமல் விட்டார்கள். விளக்கம் எப்படியோ, செய்தது சரி. உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை விழித்ததாக எண்ணித் தூக்கி, தாமே எழுப்பிவிடும் பெற்றோர் இன்று ஏராளம்.

எந்த வயதில் எவ்வளவு என்பதில் வீண் கவலைக்குக் காரணம் பெரும்பாலும் அளவுகோல்தான். லண்டனில் மூர், உக்கோ இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வின்படி 3 மாதத்தில் 70 விழுக்காட்டுக் குழந்தைகளும், 6 மாதத்தில் 83 விழுக்காடும் இரவைத் தாண்டின. அவர்கள் இரவு என்று கொண்டது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை மட்டுமே. கனடாவில் 2018இல் வெளியான ஆய்வு தொடர்ந்து 6 மணி நேர உறக்கத்தை அளவாகக் கொண்டது. அதன்படி 6 மாதக் குழந்தைகளில் 38 விழுக்காடும், ஒரு வயதுக் குழந்தைகளில் 28 விழுக்காடும் அந்த அளவை எட்டவில்லை. எட்டாத குழந்தைகளின் வளர்ச்சியிலோ, தாய்மாரின் மனநிலையிலோ அதனால் குறை எதுவும் தென்படவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்கும் தாய்க்கு இந்த இரண்டு எண்களே போதும்.

தமிழ் வீடுகளில் முதல் உறக்கம் பெரும்பாலும் தூளியில் நடக்கிறது. உத்தரத்திலோ கொக்கியிலோ கட்டிய பழைய பருத்திச் சேலை. இலங்கையில் அதை ஏணை என்பார்கள். துணி குழந்தையை எல்லாப் பக்கமும் அணைக்கிறது, வெளிச்சத்தை மறைக்கிறது, ஆட்டம் சீராக வருகிறது. உறங்க வைப்பதில் இதை மிஞ்ச எதுவுமில்லை. சிக்கல் ஆட்டம் நின்ற பிறகு வருகிறது. ஒரு மணி நேரத்தில் சுற்று முடிந்து லேசாக விழிக்கும் குழந்தைக்கு, தான் உறங்கியபோது இருந்த ஆட்டம் இப்போது இல்லை. அது கிடைக்கும்வரை அழும். தூளிக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இரவெல்லாம் ஆட்டிய பாட்டிகள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். தனிக் குடித்தனத்தில் அந்தக் கால் இல்லை. அதன் இடத்தில் ஸ்பிரிங் தொட்டிலும் மோட்டார் தொட்டிலும் வந்திருக்கின்றன. மோட்டார் சளைக்காது, ஆனால் குழந்தைக்கு அது எதையும் கற்றுத் தருவதில்லை. தோளில் தட்டுவதும், மார்பில் பால் குடித்தபடியே உறங்குவதும் இதே கணக்கில் வருபவைதாம்.

தூளியைப் பற்றி மருத்துவர்கள் தயங்குவதற்கு வேறு காரணம் உண்டு. வளைந்த துணியில் இளங்குழந்தையின் தலை முன்னே சாய்ந்து தாடை நெஞ்சைத் தொட்டால் மூச்சுவழி குறுகும். குப்புறக் கவிழத் தொடங்கிய குழந்தை துணிக்குள் முகம் புதையக் கிடக்கலாம், வெளியே விழவும் கூடும். கெட்டியான சமதளப் படுக்கை, மல்லாந்த நிலை, தலையணையும் தடித்த போர்வையும் பொம்மையும் இல்லாத இடம் என்பதே உலகெங்கும் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய மல்லாத்தும் இயக்கத்துக்குப் பின் அங்கே குழந்தைகளின் திடீர் உறக்க மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. தூளியைப் பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொண்டு, இரவைப் பாய்க்கோ தொட்டில் கட்டிலுக்கோ மாற்றுவது நடைமுறைக்கு ஒத்த வழி.

உறக்கத்துக்கு மருந்து தேடியதும் பழைய கதை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தாய்மார் வாங்கிய ‘மிசஸ் வின்ஸ்லோஸ்’ இனிப்பு மருந்தில் மார்ஃபின் இருந்தது. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த பெண்கள் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனது அக்கால அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. தூங்கட்டுமே என்று இன்று கொடுக்கப்படும் சளி மருந்தும் அந்த வரிசையில் சேரும். வசம்பு உரசிக் கொடுப்பதையும் மருத்துவர்கள் விரும்புவதில்லை.

தானே உறங்கப் பழக்கும் முறைகள் ஒரே கொள்கையின் வெவ்வேறு வேகங்கள். அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894இல் எழுதிய வளர்ப்பு நூலும், உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதியதும் கறாரானவை. குழந்தையை அதிகம் கொஞ்சக் கூடாது என்றே வாட்சன் எழுதினார்; அந்த அறிவுரையை இன்று யாரும் ஏற்பதில்லை. பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் சொன்ன வழி அழுகையை அடியோடு புறக்கணிக்கவில்லை. விழித்திருக்கும்போதே படுக்கவைத்து வெளியே வந்து, அழுதால் சில நிமிடம் கழித்து, பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிப் போய்ப் பார்த்து, தூக்காமல் ஆறுதல் சொல்லித் திரும்ப வேண்டும். இரண்டாம், மூன்றாம் இரவில் அழுகை கூடுவதுண்டு. அங்கே கைவிடுபவர்களே அதிகம். மென்மையான வழி, குழந்தை உண்மையில் உறங்கும் நேரத்துக்கே படுக்கும் நேரத்தைத் தள்ளிவைத்து, எளிதில் உறங்கப் பழகியதும் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவருவது. இவ்விரு வழிகளையும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 43 குழந்தைகளிடம் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டிலும் குழந்தைகள் சீக்கிரம் உறங்கின. ஓராண்டுக்குப் பின் தாயிடம் உள்ள பிணைப்பில் வேறுபாடு தெரியவில்லை. மெல்போர்னில் இவ்வகைப் பயிற்சி பெற்ற குழந்தைகளை 6 வயதுவரை தொடர்ந்து பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, நீண்டகாலத் தீங்கும் இல்லை, நீண்டகால நன்மையும் இல்லை என்றது. பலன் அந்த மாதங்களின் பலன்: வீட்டார் தூங்குகிறார்கள். அது சிறிய பலன் அல்ல.

ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் ஃபெர்பர் வழி முதல் இரவே தோற்கும். மூன்றாம் நிமிடத்தில் மாமியார் வந்து தூக்கிவிடுவார். ஐந்தாம் நிமிடத்தில் பக்கத்துப் போர்ஷன் கதவு தட்டப்படும். இங்கே உதவுவது படிப்படியாகக் குறைப்பது. ஆட்டித் தூங்கவைத்த குழந்தையைக் கண் சொக்கும் வரை மட்டும் ஆட்டிக் கிடத்துவது, பிறகு ஆட்டாமல் பக்கத்தில் படுத்துத் தட்டுவது, பிறகு கையை மேலே வைத்திருப்பது மட்டும், பிறகு அதுவும் இல்லாமல் அருகில் இருப்பது. வாரக் கணக்கில் ஆகும். குளியல், பால், விளக்கணைப்பு, தாலாட்டு என்று ஒரே வரிசை தினமும் வந்தால் குழந்தைக்கு அடுத்தது உறக்கம் என்று தெரியும். பால் இந்த வரிசையின் கடைசியில் இல்லாமல் சற்று முன்னே இருந்தால், மார்பும் உறக்கமும் ஒன்றாகப் பிணைவது தளரும். தொலைக்காட்சித் தொடர் ஓடும் கூடத்தில் எந்த முறையும் பலிக்காது. குழந்தையைத் தூக்காமல் இருக்க வேண்டியது யார் யார் என்பதை முன்பே பேசி முடிவுசெய்யாத வீட்டிலும் பலிக்காது.

தானே உறங்குவது வேறு, தனி அறையில் உறங்குவது வேறு. 17 நாடுகளை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், பெற்றோர் படுக்கையில் உறங்கும் குழந்தைகள் நியூசிலாந்தில் 6 விழுக்காடு, வியட்நாமில் 83 விழுக்காடு. படுக்கும் நேரமும் நியூசிலாந்தில் இரவு ஏழரை, ஹாங்காங்கில் பத்தேகால். தனி அறைப் பழக்கமுள்ள அமெரிக்காவிலேயே குழந்தை மருத்துவர் சங்கம் முதல் 6 மாதமாவது பெற்றோர் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்கிறது. பக்கத்தில் விரித்த சிறு மெத்தை அந்த நிபந்தனைக்கு நெருங்கி வருகிறது. சோபாவில் குழந்தையை மேலே போட்டுக்கொண்டு அயர்ந்துவிடுவதும், குடித்துவிட்டுப் பக்கத்தில் படுப்பதும் மிக ஆபத்தானவை.

ஆறு மாதத்துக்கு முன் இரவுப் பாலை நிறுத்தக் கூடாது. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில் அதிகம். தாய்ப்பால் நிலைபெற அந்தப் பால்நேரம் தேவை. அதன் பிறகு எடை சரியாக ஏறும் குழந்தைக்கு, மருத்துவரைக் கேட்டு ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மாவைப் பிரிவது புரியத் தொடங்கும்போதும், காய்ச்சலிலும், ஊருக்குப் போய் வந்த வாரத்திலும் பழகியது கலையும். காய்ச்சல் இறங்கும்வரை குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு பழைய வரிசைக்குத் திரும்பினால் போதும். பெரும்பாலும் முதல் தடவையைவிட விரைவில் பழகிவிடும். தினமும் குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எடை ஏறாமை, சோகையோடு ஓயாத புரளல் ஆகியவை பழக்கத்தால் தீர்பவை அல்ல. அவற்றுக்கு மருத்துவரிடம் போக வேண்டும்.