கால் படாத மண்

கீழ்வேளூரைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மண் கறுத்துக்கொண்டே வருகிறது. காவிரியின் கடைமடை. நெல்லுக்கு ஏற்ற இந்தக் களிமண், கொல்லையில் நாலு கத்தரிச்செடி வைக்க நினைப்பவரைப் பாடாய்ப்படுத்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். காற்று இருக்கவேண்டிய நுண்துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ள, வேர் மூச்சுமுட்டி அழுகும். அதே மண் பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மேட்டுப்பாத்தி போட்டுக் கொடுக்கும் குழு ஒன்றைப் பார்க்க ஆவணிக் கடைசியில் போயிருந்தேன். மூன்று பெண்கள், ஓர் ஆண். எல்லோருமே வயல் கூலிகள். வயலில் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களில் கொல்லை வேலைக்கு வருகிறார்கள்.

அவர்களில் மூத்தவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். விரல் நுனி தொட்ட இடத்தில் ஒரு முளைக்குச்சி. எதிர்ப்பக்கம் போய் மறுபடி உட்கார்ந்து, அங்கிருந்து கை எட்டுகிறதா என்று பார்த்தார். "ரெண்டு பக்கத்திலேருந்தும் நடுவுக்குக் கை எட்டணும் தம்பி. உள்ள கால் வச்சா போச்சு" என்றார். நாடாவால் அளந்தால் அகலம் நாலடி வருகிறது. நீளம் கொல்லையைப் பொறுத்தது. நடைபாதை ஒன்றரை அடி.

மேட்டுப்பாத்தி என்றால் உயரத்தைத்தான் பலரும் பேசுகிறார்கள். என் பார்வையில் அதன் உயிர் இந்த அகலத்தில் இருக்கிறது. களியில் ஒருவர் நடந்தாலே துளைகள் நசுங்கிவிடும். கால் படாத மண்ணில் வேர் எதிர்ப்பில்லாமல் இறங்கும், மண்புழு தங்கும், அடுத்த பட்டத்துக்குத் திரும்பக் கொத்தவேண்டிய அவசியமும் இருக்காது. அன்று வேலை நடந்த வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி. முன்பு போட்ட பாத்தியின் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தே களை பறிக்கிறார்.

வேலை மேல்மண்ணைச் சீவுவதில் தொடங்கியது. ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்துத் தனியாகக் குவித்தார்கள். அதற்கடியில் இருப்பதைப் புரட்டாமல், கடப்பாரையால் நெம்பி நெகிழ்த்தினார்கள். பிறகு தென்னைச் சருகு, வைக்கோல், மட்கிய தொழுவுரம், அரிசி ஆலையிலிருந்து வந்த கருக்கிய உமி என அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார்கள். எடுத்துவைத்த மேல்மண் கடைசியில் மேலே வந்தது. நடைபாதை மண்ணையும் வெட்டி ஏற்றியதும் பாத்தி ஓரடி உயர்ந்தது. பாதை தானாகவே வடிகாலாகிவிட்டது. அதன் வாய், கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பார்த்திருக்கவேண்டும். பாதையின் சரிவை எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு குடம் தண்ணீரை ஊற்றியே சரிபார்த்தார்கள்.

இங்கே உப்பும் ஒரு பிரச்சினை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல் ஏறி வந்த நிலங்களை மீட்க இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேலை செய்தது பலருக்கும் தெரிந்ததுதான். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உப்பு மேலே ஏறிப் படியும். பாத்தி உயர்ந்திருந்தால் மழைநீர் அந்த உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோக வழி கிடைக்கும். அதோடு மூடாக்கும் வேண்டும். வெறும் முதுகோடு விட்ட பாத்தியில் வெள்ளைப் பொருக்கு பூத்திருந்ததை அடுத்த தெருவிலேயே பார்த்தேன். ஓரத்துக் கால்வாயில் மட்டும் தண்ணீர் விட்டால் உப்பு நடுவில் போய்ச் சேரும். பூவாளியால் மேலிருந்து ஊற்றச் சொல்வது அதனால்தான்.

விளிம்புக்கு இவர்கள் செங்கல் கேட்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைப் பிளந்து அண்டை கட்டிய பாத்தி ஒன்று அதே தெருவில் இருக்கிறது. மரம் மட்கி, பாதி மண்ணாகிவிட்டது. பாத்தியும் வருடாவருடம் அமுங்கும். சருகு மட்கினால் உயரம் குறையத்தான் செய்யும். புதிதாகப் போட்டவர்கள் இதைப் பார்த்துக் கலங்குகிறார்கள். மேலே தொழுவுரம் போட்டால் போதும்.

எல்லா ஊருக்கும் மேட்டுப்பாத்தி பொருந்தாது. தெற்கே வேதாரண்யத்து மணலில் தண்ணீர் நிற்பதே இல்லை. அங்கே மண்ணை உயர்த்தினால் செடி காய்ந்துபோகும். காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வடியும் நிலத்தில் பாத்தி தரைமட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருப்பதே நல்லது.

கூலி விஷயம் எனக்கு உறுத்தியது. கடப்பாரை பிடிப்பவருக்கு அதிகம், கூடை சுமப்பவருக்குக் குறைவு. அகலத்தை அளந்தவர், அடுக்கின் வரிசையைச் சொன்னவர், சரிவைப் பார்த்தவர் மூவரும் குறைந்த கூலிக்காரர்கள். கொல்லையில் காய்க்கப்போவது அவர்களுடைய அறிவு. அதற்கான விலையை வீட்டுக்காரர்கள் கொடுக்கவேண்டும்.

வேலை முடிந்ததும், முதலில் எதை விதைப்பது என்று வீட்டுக்காரர் கேட்டார். "தண்டங்கீரை போடுங்கய்யா. பாத்தி அமுங்கட்டும், அப்புறம் கத்தரி நடலாம்" என்றார் மூத்தவர்.

பக்கத்து ஊரிலும் ஒரு வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின இரவு அங்கே நல்ல மழை. மூத்தவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். உருண்டை உதிராமல் சப்பையாகிக் கையில் ஒட்டியது. இந்தப் பதத்தில் வெட்டினால் கட்டி கட்டியாக இறுகிவிடும். "இன்னிக்கு வேண்டாங்கம்மா, நாலு நாள் காயட்டும்" என்று சொல்லிவிட்டு, அன்றைய மிச்சக் கூலியை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.