மணியோசை தந்த நம்பிக்கை

பண்டிகை நாளில் வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடந்தால் மகிழ்ச்சிக்கு இடமேது? அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ அந்நிலையை நன்கு அறிந்தவர்.

1861-ஆம் ஆண்டில், ஆடையில் தீப்பற்றி அவருடைய மனைவி இறந்தார். தீயை அணைக்க முயன்ற கவிஞரின் முகத்திலும் காயங்கள் ஏற்பட்டன. பிள்ளைகள் ஐவரையும் அவரே வளர்த்தார். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. 1863-இல் மூத்த மகன் சார்லஸ், தந்தையின் அனுமதியின்றிப் படையில் சேர்ந்தான். நவம்பர் இறுதியில் அவன் தோளில் பாய்ந்த குண்டு முதுகுத்தண்டை உரசிச் சென்றது. உடல் செயலிழக்கக்கூடும் என மருத்துவர் அஞ்சினார். தந்தை வாஷிங்டனுக்கு விரைந்து சென்று, 19 வயது மகனை வீட்டிற்கு அழைத்து வந்தார்.

கிறிஸ்துமஸ் வந்தது. மகன் இன்னும் படுக்கையில் இருந்தான், போரும் ஓயவில்லை. அன்று ஒலித்த தேவாலய மணியோசையைக் கேட்டு, ‘கிறிஸ்துமஸ் மணிகள்’ என்னும் கவிதையை அவர் எழுதினார். உலகில் அமைதியே இல்லை என்னும் மனக்கசப்பை அதில் அவர் மறைக்கவில்லை. ஆயினும், நம்பிக்கையோடுதான் கவிதையை முடித்தார்.

சார்லஸ் மெல்லத் தேறினான். போர்க்களத்திற்குத் திரும்ப இயலவில்லை. ஆனால், பிற்காலத்தில் ஜப்பான்வரை பயணம் செய்தான்.

துன்பம் சூழ்ந்த வீட்டில் பண்டிகை ஆரவாரமின்றி வரலாம். நோயாளியின் அருகில் அமர்ந்து நம்பிக்கை இழக்காமல் இருப்பதும் ஒரு கொண்டாட்டமே.